சார்கோமா கட்டிக்குள் யார் யார் குடியிருக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திசு ஸ்லைடுகளோடு வேலை செய்கிற ஆள் நான். மருந்து எழுதுகிற பக்கம் இல்லை, மெல்லிசாகச் சீவிய திசுவைக் கண்ணாடியில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற பக்கம். சார்கோமா என்று ரிப்போர்ட் வந்தவர்களும் அவர்களுடைய வீட்டுக்காரர்களும் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பாதியைச் சொல்லி மீதியை மறந்துவிடுகிறேன் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். உங்களுக்கு எந்த மருந்து என்பதற்கு இதில் பதில் இருக்காது, அது உங்களைப் பார்க்கிற டாக்டரின் வேலை.

கேன்சர்னும் சொல்றாங்க, சார்கோமான்னும் சொல்றாங்க. ரெண்டும் வேறயா?

கேன்சர் என்பது பெரிய குடும்பம், சார்கோமா அதில் ஒரு சின்னக் கிளை. மார்பகம், குடல், நுரையீரல் என்று நாம் அதிகம் கேள்விப்படுகிற புற்றுநோய்கள் பெரும்பாலும் உறுப்புகளின் உள்வரிசைச் செல்களில் தொடங்குபவை. சார்கோமா தொடங்குவது உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற திசுக்களில்: தசை, கொழுப்பு, இரத்தக்குழாய், நரம்பு உறை, எலும்பு. எலும்பை ஒதுக்கிவிட்டால் மிச்சம் இருப்பதைத்தான் மென்திசு சார்கோமா என்கிறோம். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது சுமார் 1 சதவீதம்தான்.

அந்த 1 சதவீதத்துக்குள் 70க்கு மேல் வகைகள் இருக்கின்றன என்பதுதான் தலைவலி. லைப்போசார்கோமா (கொழுப்பு), லையோமயோசார்கோமா (மழமழ தசை), ஆஞ்சியோசார்கோமா (இரத்தக்குழாய்), சைனோவியல் சார்கோமா என்று போகும். சைனோவியல் என்ற பெயர் மூட்டுச் சவ்வைக் குறித்தாலும் அது அங்கே தொடங்குவதில்லை, பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. எந்த வகை என்றே பிரிக்க முடியாமல் செல்கள் கண்டபடி உருமாறிக் கிடந்தால் அதற்கு யுபிஎஸ் என்று சுருக்கப் பெயர், 'இனம் பிரியாத பல்வடிவ சார்கோமா' என்று பொருள் கொள்ளலாம். கீழே வருகிற எந்தப் பதிலையும் படிக்கும்போது உங்கள் ரிப்போர்ட்டில் எந்த வகை எழுதியிருக்கிறது என்பதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'சார்கோமாவுக்கு இம்யூனோதெரபி (நம் எதிர்ப்புச் செல்களையே கட்டிக்கு எதிராக வேலை செய்ய வைக்கிற சிகிச்சை) கேட்குமா' என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது, வகையைச் சொன்னால்தான் பேச்சே தொடங்கும்.

"இம்யூன் சூழல்"னு டாக்டர் ஒரு வார்த்தை சொன்னார். கட்டிக்குள்ள என்ன சூழல்?

கட்டி என்றால் முழுக்கப் புற்றுச்செல்லால் ஆன உருண்டை என்று நினைக்கிறோம். ஸ்லைடில் பார்த்தால் அப்படி இருப்பதில்லை. புற்றுச்செல்களுக்கு நடுவே இரத்தக்குழாய்கள் ஓடும், நார்த்திசு நூற்கிற செல்கள் இருக்கும், இரத்தத்திலிருந்து இறங்கி வந்த வெள்ளணுக்கள் அங்கங்கே உட்கார்ந்திருக்கும். அந்த வெள்ளணுக்களில் எந்தெந்த ரகம், எத்தனை, எந்த இடத்தில், என்ன மனநிலையில் என்பதைத்தான் மொத்தமாக எதிர்ப்புச் சூழல் என்கிறார்கள்.

மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டால் போதும். டி செல்: கெட்டுப்போன செல்லை அடையாளம் கண்டு நேரடியாகக் கொல்லக்கூடியது. பி செல்: எதிர்ப்புப் புரதங்களைச் செய்வது, டி செல்லுக்குத் தகவல் காட்டிக் கொடுப்பதும் அதன் வேலை. மேக்ரோஃபேஜ்: எதையும் விழுங்குகிற பெரிய செல். இதைப் போர், படை, எதிரி என்று விளக்குவதுதான் வழக்கம். எனக்கு அந்த உவமை ஒத்துவருவதில்லை, ஏனென்றால் பல சார்கோமாக்களில் பாதிப் படை எதிரிக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருக்கும்.

எனக்கு எதிர்ப்பு சக்தி கம்மியா இருந்ததாலதான் இது வந்துச்சா?

பெரும்பாலானவர்களுக்கு இல்லை. மற்றவர்களைப் போலவே சளி பிடித்து மற்றவர்களைப் போலவே தேறியவர்களுக்குத்தான் சார்கோமா வருகிறது. உங்கள் உடம்பின் மொத்த எதிர்ப்பு சக்தி வேறு, அந்தக் கட்டிக்குள் நடப்பது வேறு. முதலாவது நன்றாக இருக்கும்போதே இரண்டாவது முடங்கிக் கிடக்கலாம். அதனால் 'நான் எதையோ சரியாகக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்' என்ற குற்ற உணர்வு வேண்டாம்.

ஒரு வகை இந்த விதிக்குத் தெளிவான விலக்கு: கபோசி சார்கோமா. 1872ல் மோரிட்ஸ் கபோசி விவரித்த நோய். இதன் பின்னால் எச்எச்வி-8 என்ற வைரஸ் இருக்கிறது. எச்ஐவியால் எதிர்ப்பு சக்தி சரிந்தவர்களுக்கும், மாற்று உறுப்பு பொருத்தியதால் எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் அதிகம் வரும். சிறுநீரகம் மாற்றியதால் சைக்ளோஸ்போரின் சாப்பிட்டுக்கொண்டிருந்த 15 பேருக்குக் கபோசி வந்தபோது, அதை நிறுத்திவிட்டு சிரோலிமஸ் என்ற வேறு அடக்கு மருந்துக்கு மாற்றிப் பார்த்தார்கள், 3 மாதத்தில் எல்லோருக்கும் தோலில் இருந்த கட்டிகள் மறைந்துவிட்டன. இது 2005ல் வெளிவந்தது. சிரோலிமஸுக்குக் கட்டியை நேரடியாகத் தடுக்கும் குணமும் உண்டு என்பதால் எல்லாப் புகழையும் எதிர்ப்பு சக்திக்கே கொடுத்துவிட முடியாது.

அப்ப எதிர்ப்பு சக்தியைக் கூட்டுற மாத்திரை, பவுடர் ஏதாவது எடுக்கலாமா?

வேண்டாம். சத்தான சாப்பாடும் தூக்கமும் சிகிச்சையைத் தாங்க உதவும், அது வேறு விஷயம். கட்டிக்குள் இருக்கிற முடக்கத்தை எந்தப் பவுடரும் அவிழ்ப்பதில்லை. சில மூலிகைப் பொருள்கள் கீமோ மருந்துகளோடு மோதவும் செய்யும். எதை எடுத்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஹாட் கட்டி, கோல்டு கட்டின்னு படிச்சேன். தொட்டா சூடா இருக்குமா?

இல்லை, தொட்டுப் பார்க்கிற சூடு இல்லை. டி செல்கள் உள்ளே நிறையப் புகுந்திருந்தால் ஹாட், இல்லாமல் வெறிச்சோடிக் கிடந்தால் கோல்டு. தோலில் வரும் மெலனோமா பெரும்பாலும் முதல் ரகம். சார்கோமாக்களில் பெரும்பகுதி இரண்டாவது ரகம்.

ஏன் என்றால், டி செல் ஒரு செல்லைச் சந்தேகப்பட வேண்டுமானால் அதன் மேல் வழக்கத்துக்கு மாறான புரதத் துண்டு ஏதாவது தெரிய வேண்டும். மெலனோமாவில் வெயில் பட்டுப் பட்டு மரபணுவில் ஏகப்பட்ட எழுத்துப் பிழைகள் சேர்ந்திருக்கும், அதனால் விசித்திரமான புரதங்களும் நிறைய. சார்கோமாவில் அந்த மாதிரிப் பிழைகள் குறைவு. சைனோவியல் சார்கோமா போன்றவற்றில் இரண்டு மரபணுக்கள் உடைந்து தப்பாக ஒட்டிக்கொள்வதுதான் முக்கியக் கோளாறு (அதில் எஸ்எஸ்18 என்பதும் எஸ்எஸ்எக்ஸ் என்பதும்), அதைத் தவிர மரபணு ஏறக்குறைய அமைதியாக இருக்கும். போதாக்குறைக்கு, புரதத் துண்டைத் தூக்கிக் காட்டுகிற எச்எல்ஏ மூலக்கூறையும் அந்தச் செல்கள் குறைத்துக்கொள்கின்றன. குற்றமும் சின்னது, ஜன்னலும் சாத்தியிருக்கிறது, டி செல் எதைப் பார்த்துச் சந்தேகப்படும்?

டி செல் இல்லைன்னா வேற யாருமே உள்ள இல்லையா?

இருக்கிறார்கள், மேக்ரோஃபேஜ்கள். சார்கோமா ஸ்லைடு பார்க்கிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி, பெரும்பாலான வகைகளில் டி செல்லைவிட மேக்ரோஃபேஜ்தான் அதிகம். இயல்பாக இதன் வேலை கிருமியையும் செத்த செல்லையும் விழுங்குவது, காயம் ஆறும்போது புதுத் திசு வளர உதவுவது. கட்டிக்குள் போனதும் பல மேக்ரோஃபேஜ்கள் இரண்டாவது வேலையிலேயே நின்றுவிடுகின்றன. ஆறாத காயம் ஒன்றுக்குக் கடமையாக மருந்து போடுகிற மாதிரி, இரத்தக்குழாய் வளரச் சமிக்ஞை கொடுக்கும், டி செல்லை அடக்கும் புரதங்களை விடும். நல்ல மேக்ரோஃபேஜ், கெட்ட மேக்ரோஃபேஜ் என்று எம்1, எம்2 பெயர் வைத்துப் பிரிப்பார்கள், நிஜத்தில் அவ்வளவு சுத்தமாகப் பிரியாது.

இந்தச் செல்லின் பலத்தைக் காட்ட ஒரு நல்ல உதாரணம் புற்றுநோயே இல்லாத ஒரு கட்டி. மூட்டுச் சவ்வில் வரும் டெனோசைனோவியல் ஜயன்ட் செல் கட்டியில் உண்மையான கட்டிச்செல்கள் சிறுபான்மைதான். அவை சிஎஸ்எஃப்1 என்ற புரதத்தை அதிகமாகச் சுரந்து மேக்ரோஃபேஜ்களைக் கூப்பிடுகின்றன, கட்டியின் பருமனில் பெரும்பங்கு கூப்பிட்ட குரலுக்கு வந்தவர்கள். அந்தக் கூப்பாட்டை அடைத்தால் கட்டி சுருங்க வேண்டுமே? சுருங்கியது. அப்படி வந்த மருந்துதான் பெக்ஸிடார்டினிப், 2019ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் கல்லீரலைக் கெடுக்கக்கூடும் என்பதால் கடுமையான கண்காணிப்பு நிபந்தனையோடுதான் அனுமதித்தார்கள். இதே தந்திரம் நிஜமான சார்கோமாவில் இந்த அளவுக்குப் பலிக்கவில்லை, அங்கே கட்டிச்செல்கள் தங்கள் சொந்தக் காலிலும் நிற்கின்றன.

இம்யூனோதெரபி ஊசி உண்மையில என்ன பண்ணுது? எதிர்ப்பு சக்தியை ஏத்துதா?

ஏற்றுவதில்லை, பிரேக்கை எடுக்கிறது. டி செல் ஓயாமல் தாக்கிக்கொண்டே இருந்தால் நம் உடம்பே புண்ணாகிவிடும் என்பதால் அதன் மேல் பிடி-1 என்று ஒரு நிறுத்துக் குமிழ் இருக்கிறது. புற்றுச்செல்லும் மேக்ரோஃபேஜும் பிடி-எல்1 என்ற புரதத்தை நீட்டி அந்தக் குமிழை அழுத்திவிடும். பெம்ப்ரோலிஸுமாப், நிவோலுமாப், அட்டிஸோலிஸுமாப் போன்ற மருந்துகள் இந்த இரண்டும் தொட்டுக்கொள்ளாமல் குறுக்கே நிற்கின்றன. இப்படிப் பிரேக்குகளை எடுத்துப் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்யலாம் என்று கண்டு சொன்னதற்குத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018ல் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஒரு விஷயம் இதிலிருந்தே புரிந்திருக்கும்: பிரேக்கை எடுப்பதற்கு முதலில் வண்டி இருக்க வேண்டும். முன்னே சொன்ன வெறிச்சோடிய கட்டியில் டி செல்லே இல்லை என்றால் எந்தப் பிரேக்கை எடுப்பது?

எங்க சொந்தக்காரர் ஒருத்தருக்கு நுரையீரல் கேன்சர், இந்த ஊசியில நல்லா ஆயிட்டார். எங்கப்பாவுக்கு சார்கோமா, டாக்டர் ஏன் அதைப் பத்திப் பேசவே மாட்டேங்கிறார்?

டாக்டருக்குத் தெரியாமல் இல்லை. 2017ல் வெளிவந்த சார்க்028 என்ற ஆய்வு முடிவைப் பார்த்தால் அவருடைய தயக்கம் புரியும். மென்திசு சார்கோமா உள்ள 40 பேருக்குப் பெம்ப்ரோலிஸுமாப் மட்டும் கொடுத்தார்கள், நான்கு வகை, வகைக்குப் பத்துப் பேர். மொத்தத்தில் 7 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. வகைவாரியாகப் பிரித்தால் யுபிஎஸ்ஸில் 10க்கு 4, லைப்போசார்கோமாவில் 10க்கு 2, சைனோவியலில் 10க்கு 1, லையோமயோசார்கோமாவில் பத்துப் பேரில் ஒருவருக்கும் இல்லை. பத்துப் பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதை மறக்க வேண்டாம். ஆனாலும் 4க்கும் பூஜ்ஜியத்துக்கும் நடுவில் உள்ள தூரம் கண்ணில் படாமல் போகாது.

இரண்டு பிரேக்குகளைச் சேர்த்து எடுத்தால்? நிவோலுமாப் மட்டும் கொடுத்தபோது 5 சதவீதம் பேருக்கும், அதோடு டி செல்லின் வேறொரு பிரேக்கை எடுக்கிற இபிலிமுமாபையும் சேர்த்தபோது 16 சதவீதம் பேருக்கும் கட்டி சுருங்கியதாக 2018ல் இன்னொரு ஆய்வு சொன்னது. பலன் கூடுகிறது, பக்க விளைவும் கூடவே கூடுகிறது. அப்பாவின் வகை எது என்று தெரியாமல் நான் இதற்கு மேல் ஒன்றும் சொல்லக் கூடாது.

அப்ப எந்த வகைக்குத்தான் கேட்குது? நேரா சொல்லுங்க.

நேராகவே சொல்கிறேன். முதலில் ஆல்வியோலர் சாஃப்ட் பார்ட் சார்கோமா, வாயில் நுழையாத பெயர், ரொம்ப அரிதான நோய், இளம் வயதினருக்கு அதிகம் வரும். பரவிய நிலையில் அட்டிஸோலிஸுமாப் கொடுப்பதற்கு 2022 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது, 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் சேர்த்து. அனுமதிக்கு அடிப்படையாக இருந்த ஆய்வில் 49 பேரில் 24 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. இதில் வேடிக்கை என்னவென்றால் இந்த நோயிலும் மரபணுப் பிழைகள் ரொம்பக் குறைவு, இரண்டு மரபணு ஒட்டிக்கொண்ட வகைதான். ஹாட், கோல்டு பதிலில் நான் சொன்ன கணக்குப்படி இது கேட்கவே கூடாது. கேட்கிறது. கணக்கு முழுசாக இல்லை என்று அர்த்தம்.

அடுத்து, தலை, முகத் தோலில் வரும் ஆஞ்சியோசார்கோமா. இதில் மெலனோமா மாதிரியே வெயிலின் தடம் மரபணுவில் இருக்கும். இரண்டு பிரேக்கையும் எடுத்துப் பார்த்த ஒரு சின்ன ஆய்வில் ஆஞ்சியோசார்கோமா உள்ள 16 பேரில் 4 பேருக்குப் பலன், அதில் தலை, முகத்தில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் 5க்கு 3. அதே பெயர் கொண்ட நோய்தான் உடம்பின் வேறு இடத்தில் வந்தால் இந்த வெயில் தடம் இருக்காது. அப்புறம் யுபிஎஸ், மேலே சொன்னது. லைப்போசார்கோமாவில் உருமாறி வீரியமான ரகத்துக்குச் சில சமயம்.

பிடி-எல்1 நெகட்டிவ்னு வந்திருக்கு. அப்ப கதவு மூடிடுச்சா?

நுரையீரல் புற்றுநோயில் இந்தச் சோதனைக்கு இருக்கிற மதிப்பு சார்கோமாவில் இல்லை. நெகட்டிவ் வந்தவர்களுக்கும் கேட்டிருக்கிறது, பாசிட்டிவ் வந்தும் கேட்காமல் போயிருக்கிறது. கட்டியின் ஒரு மூலையில் இருக்கும், இன்னொரு மூலையில் இருக்காது. அந்த ஒரு எண்ணை வைத்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், உடைந்துபோகவும் வேண்டாம்.

மரபணுப் பிழை எண்ணிக்கை என்று இன்னொரு சோதனை உண்டு. பத்து லட்சம் எழுத்துக்கு 10 பிழையோ அதற்கு மேலோ இருந்தால், எந்த உறுப்பின் புற்றுநோயாக இருந்தாலும், வேறு வழி இல்லாத நிலையில் பெம்ப்ரோலிஸுமாப் கொடுக்கலாம் என்று 2020ல் எஃப்டிஏ அனுமதித்தது. சார்கோமாவில் அந்த எல்லையைத் தொடுகிறவர்கள் சொற்பம்.

பி செல் பத்தி எங்கேயுமே பெருசா பேச மாட்டேங்கிறாங்க. அதுக்கு இதுல வேலையே இல்லையா?

எனக்குப் பிடித்த கேள்வி. பல வருஷம் எல்லோரும் டி செல்லையே எண்ணிக்கொண்டிருந்தார்கள், பி செல் ஓரமாக நின்றது. 2020ல் நேச்சர் இதழில் ஒரு பிரெஞ்சு ஆய்வுக்குழு 608 மென்திசு சார்கோமாக்களின் மரபணுச் செயல்பாட்டை அலசி, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்து ஏ முதல் ஈ வரை ஐந்து வகுப்பாகப் பிரித்தது. ஏ வெறிச்சோடிய தெரு. சி இரத்தக்குழாய் நிறைந்தது. ஈ என்ற வகுப்பில் பி செல்கள் கூட்டமாக இருந்தன, அந்த வகுப்பினருக்குத்தான் ஆயுளும் நன்றாக இருந்தது, பெம்ப்ரோலிஸுமாபும் நன்றாகக் கேட்டது. டி செல் எண்ணிக்கையைவிட பி செல் அடையாளம்தான் கனமாக நின்றது என்பது பலருக்கு ஆச்சரியம்.

இந்த பி செல்கள் சும்மா சிதறிக் கிடப்பதில்லை. நம் கழுத்திலும் அக்குளிலும் இருக்கிற நிணநீர்க்கணுவின் சின்ன நகல் மாதிரி, நடுவில் பி செல் உருண்டை, சுற்றி டி செல் வளையம், பக்கத்தில் தனி இரத்தக்குழாய் என்று கட்டிக்குள்ளேயே ஒரு அமைப்பைக் கட்டிக்கொள்கின்றன. டிஎல்எஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். டி செல்களுக்கு அங்கேயே பாடம் எடுக்கிற திண்ணைப் பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீல நிறத்தில் குட்டி வட்டங்களாகத் தெரியும், முதல் தடவை சார்கோமா ஸ்லைடில் பார்த்தபோது தப்பாக நிணநீர்க்கணுவை வெட்டிவிட்டார்களோ என்றுதான் நினைத்தேன்.

இதை வைத்து ஆளைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிட்டார்கள். பெம்ப்ரோசார்க் என்ற ஆய்வில் பெம்ப்ரோலிஸுமாபோடு குறைந்த அளவு சைக்ளோஃபாஸ்ஃபமைடு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார்கள். எல்லோரையும் கலந்து எடுத்த குழுக்களில் கட்டி சுருங்கியது 2.4 சதவீதம் பேருக்கு. டிஎல்எஸ் இருப்பவர்களை மட்டும் எடுத்த குழுவில் 30 சதவீதம். ஆறு மாதம் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் முன்னதில் 4.9 சதவீதம், பின்னதில் 40 சதவீதம். 2022ல் வெளிவந்தது. மருந்து அதே மருந்துதான், ஸ்லைடை முதலில் பார்த்தார்கள் என்பது மட்டுமே வித்தியாசம். குழு சின்னது (30 பேர் அளவில்), சார்கோமாவில் டிஎல்எஸ் இருப்பவர்களும் சிறுபான்மைதான். ஆனாலும் என் தொழிலில் இருக்கிற ஒருவருக்கு இதைவிட உற்சாகமான எண் கிடையாது.

சைனோவியல் சார்கோமாவுக்கு செல் சிகிச்சை வந்திருக்காமே, அதுவும் இம்யூனோதெரபிதானே?

ஆமாம், ஆனால் தலைகீழ் வழி. உள்ளே டி செல் இல்லையா, சரி, வெளியே செய்து அனுப்புவோம் என்கிற வழி. உங்கள் இரத்தத்திலிருந்தே டி செல்லை எடுத்து, கட்டியில் இருக்கிற மேஜ்-ஏ4 என்ற புரதத்தை அடையாளம் காணும்படி அதன் மரபணுவை மாற்றி, பெருக்கித் திரும்ப ஏற்றுவார்கள். அஃபாமி-செல் என்ற இந்தச் சிகிச்சைக்கு 2024 ஆகஸ்டில் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது. 44 சைனோவியல் நோயாளிகளில் சுமார் 43 சதவீதத்தினருக்குக் கட்டி சுருங்கியது. ஆய்வகத்தில் மாற்றிய டி செல் ஏற்பியால் திடக்கட்டி ஒன்றுக்கு வந்த முதல் அனுமதி இதுதான்.

எல்லோருக்கும் பொருந்தாது. முன்னமே கீமோ எடுத்திருக்க வேண்டும், கட்டியில் மேஜ்-ஏ4 இருக்க வேண்டும், உங்கள் எச்எல்ஏ-வும் ஏ02 என்ற குடும்பத்தின் குறிப்பிட்ட வகைகளில் ஒன்றாக இருக்க வேண்டும். இது இரத்த குரூப் மாதிரி பிறப்பிலேயே வருவது, நாம் ஒன்றும் செய்ய முடியாது. செல்லை ஏற்றுவதற்கு முன் இருக்கிற வெள்ளணுக்களைக் காலி செய்ய பலமான கீமோ வேறு கொடுப்பார்கள், ஏற்றியபின் கடும் காய்ச்சலும் இரத்த அழுத்தச் சரிவும் வரக்கூடும்.

ஆபரேஷனுக்கு முன்னாடியே இந்த ஊசியைப் போட்டா என்ன?

நல்ல யோசனைதான், அதைச் செய்தும் பார்த்தார்கள். கட்டி உள்ளே இருக்கும்போதே பிரேக்கை எடுத்தால் டி செல்களுக்குப் பார்த்துப் பழக ஆள் இருக்கும், வெட்டி எடுத்த பிறகு அது இருக்காது என்பது எண்ணம். கை, காலில் மூன்றாம் நிலை யுபிஎஸ் அல்லது வீரியமான லைப்போசார்கோமா உள்ள 143 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு வழக்கமான ரேடியேஷனும் ஆபரேஷனும், இன்னொரு பாதிக்கு அதோடு பெம்ப்ரோலிஸுமாபும் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதல் பாதியில் 52 சதவீதம், ஊசியும் சேர்ந்த பாதியில் 67 சதவீதம் (கணக்கில் எடுத்தது 127 பேரை). 2024ல் லான்செட்டில் வந்தது. கடுமையான பக்க விளைவும் 31லிருந்து 56 சதவீதமாக ஏறியது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

கீமோ வெள்ளணுக்களைக் கொல்லுதே, அப்ப எதிர்ப்புச் சூழலைக் கெடுத்துடாதா?

சில மருந்துகள் கெடுப்பதற்குப் பதில் கொஞ்சம் திருத்திக்கூட விடுகின்றன. டிராபெக்டெடின் மேக்ரோஃபேஜ்களையும் அவற்றின் தாய்ச்செல்லான மோனோசைட்டையும் குறிவைத்துக் குறைக்கிறது, மேலே மேக்ரோஃபேஜ் பதிலைப் படித்தவர்களுக்கு இது ஏன் நல்லது என்று தெரியும். ஜிஸ்ட் என்கிற குடல்வழிச் சார்கோமாவுக்குக் கொடுக்கிற இமாட்டினிப், கட்டிச்செல்லை நேராகத் தடுப்பதோடு டி செல்லை அடக்குகிற ஒரு நொதியையும் குறைக்கிறது என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள். இம்யூனோதெரபிக்கு இடம் விட்டு கீமோவைத் தள்ளிப்போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு: தள்ளாதீர்கள், பெரும்பாலான வகைகளில் இன்றும் ஆபரேஷன், ரேடியேஷன், கீமோதான் அடித்தளம்.

ஊசி போட்டு ரெண்டு மாசத்துல ஸ்கேன்ல கட்டி பெருசா தெரியுது. அது உள்ள செல் புகுந்ததாலன்னு நெட்ல போட்டிருக்கு. நம்பலாமா?

அப்படி நடப்பது உண்டு. எதிர்ப்புச் செல்கள் திமுதிமுவென்று நுழைந்து கட்டி தற்காலிகமாக வீங்கும், போலி வளர்ச்சி என்கிறார்கள். ஆனால் சார்கோமாவில் இது அரிது. பெரிதாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது நிஜ வளர்ச்சிதான், மனசுக்குப் பிடிக்கிறது என்பதற்காக அரிதான விளக்கத்தைப் பிடித்துத் தொங்கக் கூடாது. நோயாளி தெம்பாக இருந்தால் 4 முதல் 8 வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து உறுதி செய்வார்கள். வலியும் மூச்சிரைப்பும் கூடிக்கொண்டே போனால் காத்திருக்க மாட்டார்கள்.

பக்க விளைவுக்கு ஸ்டீராய்டு குடுக்கிறாங்க. அது எதிர்ப்பு சக்தியை அடக்குமே, போட்ட காசு வீணா?

பிரேக் இல்லாத டி செல் குடலையும் தைராய்டையும் நுரையீரலையும், அரிதாக இதயத்தையும் தாக்கலாம். ஒரு நாளைக்குப் பல முறை வயிற்றுப்போக்கு, புதிதாக மூச்சிரைப்பு, நெஞ்சுவலி என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அப்போது ஸ்டீராய்டு உயிர் காக்கிற மருந்து. அதற்காக எடுத்தால் முன்பு கிடைத்த பலன் போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை. கவலை வேறு இடத்தில்: சிகிச்சை தொடங்கும்போதே தினமும் 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோனோ அதற்கு மேலோ சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பலன் குறையலாம் என்பதால் முன்கூட்டியே குறைக்கப் பார்ப்பார்கள். முடக்குவாதம் போல உடம்பு தன்னையே தாக்கும் நோய் இருந்தாலோ மாற்று உறுப்பு பொருத்தியிருந்தாலோ முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நூறு வருஷத்துக்கு முன்னாடியே காய்ச்சல் வரவழைச்சு சார்கோமாவைக் கரைச்சாங்களாமே. உண்மையா, கதையா?

உண்மைதான், ஆனால் முழுக்க அல்ல. நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர், தோலில் கடுமையான கிருமித் தொற்று வந்தபின் சார்கோமா மறைந்த ஒரு நோயாளியைப் பற்றிப் பழைய மருத்துவக் குறிப்பில் படித்து, 1891ல் தானே அந்தக் கிருமியை ஊசியில் ஏற்றத் தொடங்கினார். பிறகு உயிருள்ள கிருமிக்குப் பதில் கொன்ற கிருமிக் கலவை. சிலருக்கு நிஜமாகவே கரைந்தது. யாருக்குக் கரையும் என்று அவரால் சொல்ல முடியவில்லை, கலவையும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு மாதிரி இருந்தது, ரேடியேஷன் வந்ததும் உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது. இன்று யாராவது காய்ச்சல் வைத்தியம் என்று விற்றால் வாங்காதீர்கள்.

ஒரே ஆளுக்கு எல்லாக் கட்டியும் கரைஞ்சு ஒண்ணு மட்டும் வளருது. மருந்து ஒண்ணுதானே, எப்படி?

ஒவ்வொரு கட்டியும் தனித் தெரு, உள்ளே குடியிருப்பவர்கள் வேறு. கருப்பை லையோமயோசார்கோமா பரவிய ஒரு பெண்ணுக்கு பெம்ப்ரோலிஸுமாபில் இரண்டு வருஷத்துக்கு மேல் எல்லாக் கட்டியும் அடங்கியே இருந்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை எடுத்துப் பார்த்தபோது அதில் மட்டும் பிடென் என்ற மரபணு இரண்டு நகலிலும் போயிருந்தது. அது போனால் டி செல்லை வெளியே நிறுத்துகிற சூழல் உருவாகும் என்று வேறு புற்றுநோய்களிலும் பார்த்திருக்கிறார்கள். சார்க்028ல் பத்துக்குப் பூஜ்ஜியம் வாங்கிய அதே வகை இது என்பதையும் கவனியுங்கள், பூஜ்ஜியம் என்று எழுதிய வகையிலும் இப்படி ஒருவர் இருக்கிறார்.

பயாப்சியில டிஎல்எஸ் இல்லைன்னாங்க, ஆபரேஷன் பண்ணி எடுத்த கட்டியில இருக்குன்னாங்க. எதை நம்பறது?

இரண்டும் சரியாக இருக்கலாம். ஊசியில் எடுக்கிற பயாப்சி பென்சில் முனை அளவு திசு, கட்டியோ தேங்காய் அளவு இருக்கும். திண்ணைப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் கட்டியின் ஓரத்தில்தான் இருக்கும், ஊசி நடுவில் போயிருந்தால் தப்பிவிடும். ஊசிப் பயாப்சியில் 'இருக்கிறது' என்றால் நம்பலாம், 'இல்லை' என்றால் 'இந்தத் துண்டில் இல்லை' என்று படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, டிஎல்எஸ் பார்ப்பது பல இடங்களில் வழக்கமான ரிப்போர்ட்டில் சேர்ந்ததில்லை, கேட்டால்தான் பார்ப்பார்கள். இரண்டாவது கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் தாளையும் சிடியையும் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். மெழுகில் பதித்த திசுக்கட்டை, 'பிளாக்' என்பார்கள், அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். வகையைத் திரும்பச் சரிபார்ப்பதும் (அரிதான நோயில் முதல் ரிப்போர்ட்டில் வகை மாறிப்போவது நடக்கிற விஷயம்) பி செல் சாயம் போட்டுப் பார்ப்பதும் அதிலிருந்துதான் முடியும்.

அறை வெப்பத்திலேயே அது பல வருஷம் கெடாமல் இருக்கும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும்.